தாழ்மையில் முதலிடம்

அந்த வருஷத்து நற்பண்பாகத் தாழ்மையைத் தேர்ந்தெடுப்பது என்று வட்டார சிறுவர் நற்பண்பு வாரியம் முடிவு செய்தபோது, அந்த யோசனையை முதலில் சொன்னது யார் என்பதில் மட்டும் கொஞ்சம் கைகலப்பு ஆனது. மற்றபடி எல்லாம் சுமுகம்தான்.

வாரியம் என்றால் லேசுப்பட்ட சமாச்சாரம் இல்லை. குன்னூர் வட்டாரத்துச் சபைகளில் ஞாயிறுதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு வேதாகமக் கதை சொல்லி, கைதட்டிப் பாடக் கற்றுக்கொடுத்து, படத்துக்குக் கலர் அடிக்க வைக்கிற வகுப்புகள் எல்லாம் அதன் ஆளுகைக்கு உட்பட்டவை. வருஷத்துக்கு ஒரு நற்பண்பு என்பது கணக்கு. முந்தின வருஷம் பொறுமை. பயிற்சி நடந்த மண்டபத்தில் மத்தியானம் ஒரு நிச்சயதார்த்தம் இருந்ததால், பொறுமையை அவசர அவசரமாக முடித்து, ஆசிரியைகளைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் வெளியே அனுப்பினார்கள். அதற்கு முந்தின வருஷம் பகிர்தல். அதற்கென்று அச்சடித்த கையேட்டின் அட்டையிலேயே, இதை யாரும் நகல் எடுக்கவோ பிறருக்குக் கொடுக்கவோ கூடாது என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது.

இந்த ஆளுகையின் கடைக்கோடியில் கிடந்தது தவிட்டுமேடு எஸ்டேட் வகுப்பு. அதை நடத்துபவள் ஜெஸிந்தா. வாரநாளில் பேக்டரியில் தேயிலைத்தூள் பாக்கெட் ஒட்டுகிற வேலை. ஞாயிறு காலையில் இலை எடை போடும் கொட்டகையைக் கூட்டி, சாக்குகளை விரித்து, தொழிலாளர் லைன் வீட்டுப் பிள்ளைகளை உட்கார வைத்துக் கதை சொல்வாள். எல்லா வீட்டிலிருந்தும் பிள்ளைகள் வரும். வீட்டுக்கு வீடு சாமி வேறு. கதையும் சுண்டலும் பொது.

இந்த வருஷம் வாரியம் ஒரு புது விதி கொண்டுவந்திருந்தது. தாழ்மையில் தேறாத வகுப்பை மூடி, பிள்ளைகளை டவுனில் உள்ள மாதிரி வகுப்போடு சேர்த்துவிடுவார்கள். தவிட்டுமேட்டிலிருந்து ஞாயிற்றுக்கிழமை டவுனுக்குக் கிளம்புகிற முதல் பஸ்ஸே மத்தியானம்தான் வரும். ஆகவே சேர்ப்பது என்றால் நிறுத்துவது என்று பொருள். வகுப்பு நடக்கிற அந்த ஒரு மணி நேரத்தை நினைத்துக்கொண்டுதான் ஜெஸிந்தா மற்ற ஆறு நாளும் பாக்கெட் ஒட்டினாள். அதுவும் போய்விட்டால் ஞாயிறு என்பது துணி துவைக்கிற நாள், அவ்வளவுதான்.

ஆசிரியைகளுக்கான தாழ்மைப் பயிற்சி குன்னூரில் நடந்தது. மண்டப வாசலில் வாரியத் தலைவர் செல்லதுரையின் படத்தை ஆளுயரத்துக்கு மேல் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். கீழே 'தாழ்மையின் சிகரமே வருக' என்று எழுதியிருந்தது. செல்லதுரை வெலிங்டனில் ஏதோ ஆபீஸில் சூப்பிரண்டாக இருந்து ஓய்வு பெற்றவர். இப்போதும் யாராவது உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் அவருக்கு மனசு கேட்காது, எழுந்து நிற்கும்வரை உற்றுப் பார்ப்பார்.

"அன்பானவர்களே," என்று அவர் தொடங்கினார். "தாழ்மை விஷயத்தில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. இந்த நீலகிரியில் என்னைவிடத் தாழ்மையான ஆள் கிடையாது என்று பலபேர் சொல்லிவிட்டார்கள். நானும் மறுத்துத்தான் வருகிறேன். ஆனால் எத்தனை பேரிடம் போய் மறுப்பது?"

கைதட்டல் அடங்கியதும் துணைத்தலைவி எமல்டா அம்மா எழுந்தார். டவுன் மாதிரி வகுப்பு அவருடைய சாம்ராஜ்யம். "சமவெளி வட்டாரங்கள் எல்லாம் தாழ்மையில் நம்மை முந்தப் பார்க்கின்றன," என்றார். "நாம் மலைமேல் இருக்கிறோம். இவ்வளவு உயரத்திலிருந்து தாழ்ந்து காட்டுவது மேட்டுப்பாளையத்துக்காரர்களால் ஆகுமா என்று கேட்கிறேன்."

அதற்கப்புறம் செயலாளர் பெனிஸ் தேர்வு முறையை விளக்கினார். கழுத்தில் டை, கையில் செல்லதுரையின் குடை, பேச்சில் ஒரு குழைவு. ஆய்வுக்கு வரும்போது குழு ஒவ்வொரு பிள்ளையிடமும், நீ தாழ்மையுள்ள பிள்ளையா என்று கேட்கும். ஆமாம் என்று சொன்னால் அது பெருமை, மதிப்பெண் கிடையாது. இல்லை என்று சொன்னால் தாழ்மை இல்லாததை அதுவே ஒப்புக்கொண்டதாகிறது, அதற்கும் கிடையாது. வாயே திறக்காவிட்டால் பெரியவர்களை மதிக்காத குற்றம், இருக்கிற மதிப்பெண்ணிலும் குறையும்.

ஜெஸிந்தா கையைத் தூக்கினாள். "ஏனுங்க சார், அப்ப புள்ள என்னதானுங்க சொல்லோணும்?"

பெனிஸ் அவளைக் கனிவோடு பார்த்தார். "அதை வாரியம் பரிசீலித்து வருகிறது சிஸ்டர். நீங்கள் அதற்குள் பிள்ளைகளைத் தயார் பண்ணிவிடுங்கள்."

தயார் பண்ணினாள், பாவம். கையேட்டில் சொன்னபடி, எதிலும் முந்தக் கூடாது, மற்றவருக்கு வழிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். அடுத்த ஞாயிறு மழை பிடித்துக்கொண்டது. பிள்ளைகள் எல்லாம் கொட்டகை வாசலுக்கு வந்து நின்றுவிட்டார்கள். நீ போ, இல்லை நீ முதலில் போ, நான் உன்னைவிடத் தாழ்மை, போடா நான்தான் தாழ்மை என்று ஆரம்பித்து, கடைசியில் ஒருத்தன் இன்னொருத்தனைப் பிடித்து முதலில் போகச் சொல்லித் தள்ள, ரெண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். சுண்டலுக்கும் அதே கதை. வரிசையில் முதலாக நிற்க ஆள் இல்லாமல் சட்டியில் அது ஆறி அவலாகிப்போனது.

விதிவிலக்கு ஒன்று இருந்தது. அதன் பெயர் ஃபெபி. ஒன்றாம் வகுப்புப் படிக்கிற பெண், முன்பல் இரண்டும் போய்விட்டவள். அம்மா செல்வி அதே எஸ்டேட்டில் இலை பறிக்கிறாள். வாசலில் தாழ்மைப் போர் நடந்துகொண்டிருக்கும்போது ஃபெபி எல்லோருடைய காலுக்கும் இடையில் புகுந்து உள்ளே வந்து, சட்டிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு, "எனக்குப் போடுங்க டீச்சர்," என்றாள். ஜெஸிந்தாவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. இவள் ஒருத்தி போதும், வகுப்பை மூட வைப்பதற்கு.

ஆய்வுக்கு என்று வாரியம் குறித்துக் கொடுத்திருந்த கதை, கல்யாண விருந்துக்குப் போனவன் கதை. விருந்துக்குப் போனால் முன்வரிசையில் போய் உட்காராதே, கடைசி இடத்தில் உட்கார், அழைத்தவரே வந்து உன்னை முன்னால் கூட்டிக்கொண்டு போவார் என்பது பாடம். ஜெஸிந்தா பந்தி, பாயசம், மாப்பிள்ளை எல்லாம் சேர்த்து அதைச் சொன்னாள். பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள்.

ஃபெபி கையைத் தூக்கினாள். "கடைசில போயி உக்காந்தாச்சுங்க டீச்சர். யாருமே கூப்பிட வரலைன்னா?"

"வருவாங்க கண்ணு."

"எங்கம்மா எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் கடைசிலதான் நிக்குது. யாரும் வந்து கூப்பிட்டதே இல்லைங்களே."

ஜெஸிந்தா கையேட்டை ஒருமுறை புரட்டிப் பார்த்து மூடினாள். "படத்துக்குக் கலர் அடி சாமி," என்று பென்சில் டப்பாவை நகர்த்தி வைத்தாள்.

ஆய்வுக்கு முதல் நாள் சாயங்காலம் அவள் செல்வி வீட்டுக்குப் போனாள். சளி பிடித்திருக்கிறது என்று சொல்லி நாளைக்கு ஒருநாள் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சொல்லலாம் என்பது திட்டம். செல்வி தரையில் போர்வையை மடித்துப் போட்டு ஃபெபியின் ரோஸ் கவுனுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர். பெரியவங்கெல்லாம் வாராங்களாமே, நாளைக்கும் சீசன் இலை இருக்குது, நடுவுல வந்து நாங்களும் பாக்கறோம்," என்றாள். ஜெஸிந்தா ஒரு டீயைக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொல்லாமலே திரும்பினாள். இப்படி ஒரு யோசனை வந்ததே என்று வழியெல்லாம் வெட்கமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பனிமூட்டம். மேனேஜர் பங்களாவிலிருந்து ஒரு பெரிய சோபாவும் மெத்தை வைத்த நாற்காலிகளும் வந்து முன்வரிசையில் இடம் பிடித்துக்கொண்டன. மேலே பூப்போட்ட டர்க்கித் துண்டு விரித்து, யார் யாருக்கு எது என்று பெயர் ஒட்டியிருந்தது. பக்கவாட்டில் சாக்கு விரிப்பில் பிள்ளைகள். பின்னால் கொட்டகை விளிம்பில், தலையில் முக்காடும் இலை பறிக்கையில் நனையாமல் இடுப்பில் சுற்றிக்கொள்கிற படங்குச் சாக்குமாகத் தோட்டத்துப் பெண்கள் வந்து நின்றார்கள்.

குழுவினர் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். செல்லதுரையின் கையில் ஒயர் இல்லாத மைக். அதற்கான ஒலிபெருக்கியைக் கொட்டகைத் தூணில் கட்டினார்கள். மைக் அவருடைய சொந்த மைக். வேறு யாருடைய மைக்கையும் நம்பி அவர் பேசுவதில்லை. சோபாவில் தம் பெயரைப் பார்த்து ஒரு கணம் பூரித்தவர், உடனே சுதாரித்துக்கொண்டார்.

"வேண்டாம்," என்றார் மைக்கில். "எனக்கு எதற்கு முதல் இடம்? எனக்குப் பிடித்தது கடைசி இடம்தான்." ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு, பெண்களை விலக்கி, கொட்டகையின் கடைசிக்குப் போய் உட்கார்ந்தார். பெண்களில் ஒன்றிரண்டு பேர் கைதட்டினார்கள்.

தலைவரே கடைசியில் இருக்கும்போது செயலாளர் எப்படி முன்னால் உட்காருவார்? பெனிஸ் ஒரு நாற்காலியை எடுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் போட்டார். இதைப் பார்த்த எமல்டா அம்மா, ஆம்பிளைகள்தான் தாழ்மைக்கு அத்தாரிட்டியா என்று சொல்லி, இன்னொரு நாற்காலியோடு அவர்களைத் தாண்டி ரோட்டோரத்துக்குப் போனார். செல்லதுரை திரும்பிப் பார்த்தார். தமக்குப் பின்னால் இரண்டு பேர். முகம் சிவந்துவிட்டது. எழுந்தார், நாற்காலியைத் தூக்கினார்.

கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ரோட்டைக் கடந்து, கால்வாயைத் தாண்டி, தேயிலைக்குள் ஏறிப் பனியில் மறைந்தார்கள். செல்லதுரை மைக்கை அணைக்க மறந்திருந்ததால், கொட்டகையில் இருந்தவர்களுக்கு ஒலிபெருக்கி மட்டும் மிச்சம்.

"பெனிஸ், நீர் எங்கே இருக்கிறீர்?" என்றது ஒலிபெருக்கி.

"அய்யாவுக்குப் பின்னாலதாங்க."

"நான் தலைவர். எனக்குப் பின்னால் உட்கார உமக்கு என்ன தகுதி?"

"அய்யாவுக்கு முன்னால உட்கார எனக்கு என்னங்க தகுதி?"

எங்கேயோ தள்ளியிருந்து எமல்டா அம்மாவின் குரல் சன்னமாகக் கேட்டது. "நீங்க ரெண்டு பேரும் அங்கியே பேசிட்டிருங்க. நான் சோலைக்காட்டுக்கே வந்துட்டேன்."

நாற்காலிக் கால்கள் செடியில் உரசும் சத்தமும், மூச்சு வாங்கும் சத்தமும் வந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாட ஆரம்பிப்பதா வேண்டாமா என்று ஜெஸிந்தாவுக்குத் தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தூறல் விழுந்தது. கொட்டகை விளிம்பில் நின்ற பெண்களின் முதுகு நனைந்தது. அவர்கள் உள்ளே வரவில்லை, இன்னும் கொஞ்சம் நெருக்கியடித்துக்கொண்டார்கள்.

ஃபெபி எழுந்தாள்.

அவள் எங்கே போகிறாள் என்பது ஜெஸிந்தாவுக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டி அந்த ரோஸ் கவுனைப் பிடித்திருக்கலாம். பிடிக்கவில்லை. ஃபெபி நேராக அம்மாவிடம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"முன்னாடி வாங்க. எல்லாரும் வாங்க. சீட்டு சும்மாதான் கெடக்குது. டீச்சர் கூட்டியாரச் சொன்னாங்க."

டீச்சர் அப்படி எதுவும் சொல்லவில்லை. பெண்கள் எல்லோரும் ஜெஸிந்தாவைப் பார்த்தார்கள். ஒட்டியிருந்த பெயர்களை அவள் பார்த்தாள். இல்லை என்று சொன்னால் வகுப்பு பிழைக்கும். நாளைக்கு இதே பிள்ளையின் முகத்தைப் பார்த்து அந்த விருந்துக் கதையை மறுபடி எப்படிச் சொல்வது?

"ஆமாங்க," என்றாள். "நாந்தான் சொன்னேன். வாங்க."

முதலில் ராக்கம்மா வந்தாள். அந்த எஸ்டேட்டில் பறிப்புக்கு வந்த நாளிலிருந்து எந்த விழாவிலும் உட்கார்ந்து பார்த்தறியாதவள். சோபாவை விரலால் தொட்டுப் பார்த்தாள். "துணியெல்லாம் ஈரமுங்க டீச்சர். மெத்தை நனஞ்சுபோகும்."

"துண்டு விரிச்சிருக்குதில்லீங்க. அதுக்குத்தான்," என்றாள் ஜெஸிந்தா.

ராக்கம்மா உட்கார்ந்தாள். சோபா உள்ளே வாங்கிக்கொண்டதில் கொஞ்சம் பயந்து, பிறகு சிரித்தாள். செல்வி அவள் பக்கத்தில். மற்றவர்கள் நாற்காலிகளில், அது பற்றாமல் கைப்பிடிகளில். பிள்ளைகள் பாட ஆரம்பித்தார்கள். தங்கள் அம்மாக்கள் முன்வரிசையில் இருந்ததால் இதுவரை எந்த ஒத்திகையிலும் வராத சத்தம் வந்தது.

பாட்டு முடிகிற நேரத்தில் ஒலிபெருக்கி மறுபடி பேசியது.

"பெனிஸ், ஏன் இப்படி மூச்சு விடுகிறீர்? என் கழுத்தெல்லாம் ஈரமாகிறது."

"நான் இப்ப முன்னாலதாங்க இருக்கேன் அய்யா. எமல்டா அம்மாவா இருக்கும்."

"நானா? நான் உங்க ரெண்டு பேருக்கும் இந்தப் பக்கம் இருக்கேன்."

பிறகு புஸ்ஸென்று ஒரு மூச்சு. ஒலிபெருக்கியே நடுங்கியது.

வாட்ச்மேன் வேலன் தூணில் சாய்ந்து நின்றிருந்தான். "கடைசி எடத்தைக் காட்டுமாடு புடிச்சிருச்சுங்க," என்றான்.

மைக் விழுந்து உருளும் ஓசை கேட்டது. அடுத்த நிமிஷம் வாரியம் முழுவதும் பனியைக் கிழித்துக்கொண்டு வந்தது. இந்தத் தடவை பின்தங்குவதில் யாருக்கும் அக்கறை இருக்கவில்லை. பெனிஸ் தலைவரை முந்தினார், தலைவர் பெனிஸின் டையைப் பிடித்து இழுத்துத் தாம் முந்தினார். இருவரையும் எமல்டா அம்மா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முந்தினார். மேலே, சரிவில், அந்தக் காட்டெருமை யாரையும் சட்டை பண்ணாமல் பிளாஸ்டிக் நாற்காலியை ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுச் சோலைக்குள் போய்விட்டது.

ஓடி வந்தவர்கள் முன்வரிசையில் வந்து நின்றார்கள். உட்கார இடம் இல்லை. தம் பெயர் ஒட்டிய சோபாவில் ராக்கம்மா இருப்பதைச் செல்லதுரை பார்த்தார். வழக்கம்போல உற்றுப் பார்த்தார். ராக்கம்மாவுக்குப் பழக்கதோஷத்தில் உடம்பு பாதி எழுந்துவிட்டது.

"உக்காருங்க பெரியம்மா," என்றாள் ஃபெபி. "கூப்பிட்டு வந்தவங்க எந்திரிக்கக் கூடாது." பிறகு செல்லதுரையின் விரலைப் பிடித்தாள். "தாத்தா, சாக்குல எடம் இருக்குது. வாங்க."

ஓடி வந்ததில் இளைத்துப்போயிருந்ததால் செல்லதுரையால் மறுக்க முடியவில்லை. வாரியம் சாக்கில் உட்கார்ந்தது. யாரோ சுண்டல் கொடுத்தார்கள், சாப்பிட்டது.

தெம்பு வந்ததும் தலைவர் எழுந்து, மைக் இல்லாமலே உரையாற்றினார். "அன்பானவர்களே, இன்று நான் தரையில் உட்கார்ந்தேன். சாக்கில். பெனிஸ், படம் எடுத்தீரா?" பெனிஸ் எடுக்கவில்லை. செல்லதுரை மறுபடி சாக்கில் உட்கார்ந்து, முகத்தைக் கீழே சாய்த்து, படம் எடுத்து முடிக்கும்வரை தாழ்மையாக இருந்தார். பிறகு எழுந்து தொடர்ந்தார். "எல்லோரும் நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். எனக்குக் கடைசி இடம்தான் பிடிக்கும். எந்த விழாவிலும் என்னை யாரும் முன்னால் அழைக்கக் கூடாது." பிள்ளைகளிடம் கேட்க வேண்டிய கேள்வியை அன்று யாரும் கேட்கவே இல்லை.

முடிவைப் பெனிஸ் போனில் சொன்னார். "தோட்டத்துப் பெண்கள் சட்டமாக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள் சிஸ்டர். தாழ்மை என்பது மருந்துக்கும் இல்லை. வட்டாரத்திலேயே தவிட்டுமேடுதான் கடைசி இடம். இந்த மாதத்தோடு மூடிவிடுங்கள். முதல் இடம் எமல்டா அம்மாவின் மாதிரி வகுப்புக்கு."

ஜெஸிந்தா அன்று பாக்கெட்டுகளைக் கோணல்மாணலாக ஒட்டினாள். சூப்பர்வைசர் திட்டினார். அதற்கென்று இல்லாமல் பொதுவாக அழுதாள். அம்மாக்களை உட்கார வைத்ததில் மட்டும் அவளுக்கு வருத்தம் வரவில்லை.

ஆனால் வாரியத்தை அவள் குறைத்து எடை போட்டிருந்தாள். முடிவு வெளியான மறுநாளே எமல்டா அம்மா கொதித்து எழுந்தார். தாழ்மைப் போட்டியில் தம்மை முதலிடத்தில் போட்டது திட்டமிட்ட அவமானம். தாழ்ந்தவர்களுக்கு உரியது கடைசி இடம். அதை ஒரு தேயிலைத் தோட்டத்து வகுப்புக்குத் தூக்கிக் கொடுத்தது எந்த ஊர் நியாயம் என்று கேட்டார். இரண்டாம் இடத்து வகுப்பு, எமல்டா அம்மாவைவிடத் தாங்களே கடைசிக்குத் தகுதியானவர்கள் என்றது. மூன்றாம் இடம், நான்காம் இடம் எல்லாம் அதே பாட்டு. தவிட்டுமேடு கடைசி இடத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று தீர்மானமே போட்டார்கள்.

விசாரிக்க ஒரு துணைக்குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கும்படி ஒவ்வொருவரையும் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தாழ்மையோடு மறுத்துவிட்டார்கள். தலைவர் இல்லாததால் துணைக்குழு கூட முடியவில்லை. அது கூடித் தீர்ப்புச் சொல்லும்வரை எந்த வகுப்பையும் மூடக் கூடாது என்பது வாரியத்தின் விதி. அன்றிலிருந்து ஜெஸிந்தா படுக்கப் போகுமுன் முழங்காலில் நின்று, வாரியத்தார் எல்லோருக்கும் ஆண்டவர் இந்தத் தாழ்மையைக் குறைவில்லாமல் தந்தருள வேண்டும் என்று உருகி ஜெபித்துவருகிறாள்.

கிறிஸ்துமஸ் விழாவும் அதே கொட்டகையில்தான் நடந்தது. இந்த முறை ராக்கம்மாவும் செல்வியும் மற்றவர்களும் யாரும் கூப்பிடாமலே வந்து முன்வரிசையில் உட்கார்ந்து, பின்னால் திரும்பி, சத்தம் போடாதீங்க என்று மற்றவர்களை அதட்டினார்கள். செல்லதுரையும் வந்திருந்தார். கடைசி நாற்காலியில், வேலனுக்குப் பக்கத்தில், புதுக் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். பாட்டு முடியும்போதெல்லாம் இருமினார். கழுத்தை நீட்டி நீட்டி முன்னால் பார்த்தார். ஃபெபி அந்தப் பக்கம் கேக் தட்டோடு போனபோது கோட்டைச் சரிசெய்துகொண்டு பாதி எழுந்தார். அவள் ஒரு துண்டைக் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஜெஸிந்தாவுக்கே பாவமாகப் போய்விட்டது. "கண்ணு, அந்தத் தாத்தாவ முன்னாடி கூட்டிட்டு வா, போ."

ஃபெபிக்கு இப்போது ஒரு பல் முளைத்திருந்தது. அவள் கடைசி நாற்காலியை ஒருதரம் திரும்பிப் பார்த்தாள்.

"வேண்டாங்க டீச்சர். அவருக்கு அந்த எடந்தான் புடிக்கும்னு அவரே அன்னைக்குச் சொன்னாருங்களே," என்று சொல்லிவிட்டு, அடுத்த கேக்கை எடுத்துக்கொண்டு வேலனிடம் போனாள்.